நாகப்பட்டினத்துச் சித்தப்பாவோடு கோலாலம்பூரிலிருந்து கடாரம் வரை

முதல் நாள்: கோலாலம்பூர்

ஊரிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருக்கிறார்கள். சித்தப்பா நாகப்பட்டினத்தில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரட்டைக் கோபுரத்தையும் கடைத்தொகுதிகளையும் யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள், நீ எனக்குப் பழைய கட்டடங்களைக் காட்டு என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் ஆசை. தினமும் இரவில் அன்று பார்த்ததை எழுதிப் போடுகிறேன். இங்கே வரப்போகிறவர்களுக்கு உதவும்.

காலையில் பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு மெர்டேக்கா சதுக்கத்துக்குப் போனோம். புல்வெளிக்கு எதிரே நீளமாக நிற்கும் செங்கல் கட்டடத்தைப் பார்த்ததுமே சித்தப்பா, "இது நம்ம பாரிமுனைக் கோர்ட்டு மாதிரியே இருக்கே தம்பி!" என்றார். சரியாகத்தான் சொன்னார். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடம் 1892இல் முடிந்தது. இந்த சுல்தான் அப்துல் சமாட் மாளிகை 1897இல் முடிந்தது. இரண்டும் இந்தோ-சாரசனிக் பாணி. இந்தியாவில் முகலாயக் குவிமாடத்தையும் இந்து மண்டபத்தையும் ஆங்கிலேயக் கட்டட முறையோடு கலந்து பழகியிருந்தது வெள்ளைக்கார அரசு. அதே பாணியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து மலாய் நாட்டின் முதன்மையான அரசாங்கக் கட்டடத்துக்கும் வைத்துவிட்டார்கள். நார்மன், பிட்வெல், ஹப்பாக் என்ற மூன்று பேரின் கை இந்த வடிவமைப்பில் இருக்கிறது. நடுவில் உள்ள மணிக்கூண்டின் உயரம் 41 மீட்டர். விக்டோரியா மகாராணியின் வைர விழா நாளில், 1897இல், அந்த மணி முதலில் அடித்தது.

அந்த மணிக்கூண்டுக்கு எதிரே இருக்கும் புல்வெளியில்தான் 1957 ஆகஸ்ட் 31 பிறந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. சித்தி அங்கேயே நின்று, "அன்னிக்கு மாமா எங்கே இருந்தாரு?" என்று கேட்டார். தாத்தாவைத்தான் கேட்கிறார். அப்போது தாத்தா சுங்கை பூலோ பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவி ரப்பர்பால் எடுத்துக்கொண்டிருந்தார். மூத்த மகனான என் அப்பாவை அழைத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். பாட்டியும் சித்தப்பாவும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அப்படிப் பிரிந்த குடும்பங்கள் இந்த நாட்டில் ஏராளம். எங்களுடையதும் அதில் ஒன்று.

அங்கிருந்து நடந்தே ஜாமெக் பள்ளிவாசல். கிள்ளான், கோம்பாக் ஆறுகள் சேரும் முனையில் 1909இல் திறந்தது. அப்புறம் பழைய ரயில் நிலையம், 1910. இரண்டுக்கும் வரைபடம் போட்டவர் ஹப்பாக்தான். ரயில் நிலையத்தின் உச்சியில் வெள்ளைக் குடைகளாக அடுக்கியிருக்கும் மாடங்களை எதிர்ப்புறத்திலிருந்து நிதானமாகப் பாருங்கள். 2001இல் பெரிய ரயில்கள் சென்ட்ரல் நிலையத்துக்கு மாறிவிட்டன. புறநகர் ரயில்கள் இன்னும் இங்கே நிற்கின்றன. ஒரு ரயிலேறி இந்த மேடையில் இறங்கினாலே பாதி பார்த்த மாதிரி.

நாங்கள் மேடையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். இந்த ரயில்வே நம்மவர்கள் கதை. தண்டவாளம் போட்ட கூலிகளில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலைகளில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் தமிழ்க் குடியிருப்பு வளர்ந்ததே ரயில்வேயை ஒட்டித்தான். காலையில் அங்கே இட்லி சாப்பிட்டபோது இதைச் சொல்லவில்லையே என்று சித்தப்பா கோபித்துக்கொண்டு, சாயங்காலம் மறுபடி கூட்டிப்போகச் சொன்னார். போனோம். 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமக் கட்டடத்தை வாசலிலிருந்து பார்த்தோம்.

இருட்டும் நேரத்தில் துன் எச்.எஸ். லீ சாலையிலுள்ள மகா மாரியம்மன் கோயில். 1873இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கியது என்பது கோயில் வரலாறு. இப்போதுள்ள இடத்துக்கு 1885இல் வந்தது. ஐந்து நிலை ராஜகோபுரம் கிட்டத்தட்ட 23 மீட்டர். தைப்பூசத்துக்கு முன் வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். தம்புசாமிப் பிள்ளை சிங்கப்பூரில் பிறந்தவர், சிலாங்கூர் அரசாங்கக் கஜானாவில் உயர்ந்த பதவி பார்த்தவர், ரவாங்கில் சீனத் தொழிலதிபர் லோக் இயூவோடு சேர்ந்து ஈயச் சுரங்கம் நடத்தியவர். அந்தச் சுரங்கத்தில்தான் 1894இலேயே மின்சாரத்தால் இயந்திரம் ஓட்டினார்கள். விக்டோரியா பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய அறங்காவலர்களில் இவரும் ஒருவர். கோயில் கட்டியவர் என்று மட்டும் இவரை நினைத்திருந்த சித்தப்பா நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள்: பத்துமலை, பத்து காஜா

பத்துமலைக்கு ஏழு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். வெயிலும் கூட்டமும் ஏறுவதற்கு முன் 272 படியும் ஏறிவிடலாம். தம்புசாமிப் பிள்ளை இங்கே முருகனைப் பிரதிஷ்டை செய்தது 1890இல். தைப்பூசம் 1892 முதல். வாசலில் நிற்கும் 42.7 மீட்டர் முருகன் 2006இல் வந்தவர். சிலையை வடித்த ஸ்தபதி தியாகராஜன் திருவாரூர்க்காரர் என்றதும் சித்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. சித்தியின் பிறந்த வீடு திருவாரூர். படிக்கு 2018இல் வண்ணம் அடித்ததைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து. எனக்கு வண்ணம் பிடிக்கவில்லை. குகைக்குள் நுழைந்து தலையைத் தூக்கினால், மேலே கூரை திறந்து, வெளிச்சம் சுண்ணாம்புப் பாறையில் வழிந்து இறங்கும். அதற்கு மேல் எந்த அலங்காரமும் தேவையில்லை. குரங்குகள் பையைப் பிடுங்கும். அர்ச்சனைத் தட்டை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு வடக்கே நெடுஞ்சாலை பிடித்தோம். ஈப்போவுக்குக் கொஞ்சம் முன்னால் பத்து காஜா பக்கம் திரும்பினால் கெல்லி மாளிகை. சுற்றுலாப் பேருந்துகளில் பேய் வீடு என்று சொல்லித்தான் கூட்டி வருகிறார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பாருங்கள். உண்மைக் கதை அதைவிடப் பெரியது.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1890இல் இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, காடு வெட்டும் குத்தகையில் சம்பாதித்து, ரப்பர் தோட்டம் போட்டுப் பணக்காரர் ஆனவர். முதலில் கட்டிய வீடு போதாதென்று 1915 வாக்கில் இந்த மாளிகையைத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து. கொத்தனார்கள் மெட்ராஸிலிருந்து. மின்தூக்கிக்கென்று கோபுரத்துக்குள் நேர்க்குழியாக ஒரு கூண்டு விட்டிருக்கிறார்கள். மலாயாவிலேயே அதுதான் முதல் மின்தூக்கியாக இருந்திருக்கும். 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு ஸ்மித் இறந்துபோனார். மாளிகை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே பூச்சு உதிர்ந்த சுவர்கள் நிறைய. ஒரு ஜன்னல் வளைவுக்குக் கீழே சித்தப்பா குந்தி உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தார். நானும் குனிந்தேன். வளைவின் உட்பக்கத்தில் செங்கற்களை நுனி குறுகும்படி செதுக்கி, விசிறி மடிப்பைப்போல் ஒன்றோடொன்று அணைத்து நிறுத்தியிருக்கிறார்கள். இடையில் சுண்ணாம்புச் சாந்து ஒரு நூல் கனம்தான் இருக்கும். பலகை முட்டுக் கொடுத்து, நடுக்கல்லைக் கடைசியாக இறக்கி, அந்த முட்டுப் பலகையை எடுத்த பிறகும் இவ்வளவு காலம் அசையாமல் நிற்கிறது. "எங்க வீட்டுத் திண்ணை வளைவும் இதே வேலைதான். கொத்தனாரு கரணையை எந்தப் பக்கம் இழுத்தாருன்னுகூடத் தெரியுது பாரு" என்றார் சித்தப்பா. சாந்தில் அந்தக் கோடு தெரிந்தது. நான் பல தடவை வந்திருக்கிறேன், இதை ஒரு நாளும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1918இல், உலகத்தையே வாட்டிய இன்ஃபுளுவென்சா இங்கேயும் வந்தது. வேலையாட்கள் பலர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள், அம்மனுக்குக் கோயில் கட்டினால்தான் இது அடங்கும் என்று ஸ்மித்திடம் கேட்டார்கள். நோய் கண்டால் மாரியம்மனிடம்தானே போவோம். அவர் சம்மதித்தார். மாளிகையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் அந்தக் கோயில் இன்னும் இருக்கிறது, பூசையும் நடக்கிறது. நன்றிக்காகக் கோயில் கூரையில், தெய்வ உருவங்களுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஸ்மித்தையும் சுதையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

மாளிகையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கோயிலுக்குப் போவதில்லை. நீங்கள் போங்கள். அந்த முதலாளி பெயரும், மனைவி பிள்ளைகள் பெயரும் நமக்குத் தெரிகிறது. செத்துப்போன கொத்தனார் ஒருவர் பெயர்கூட எங்கேயும் என் கண்ணில் படவில்லை. அவர்களை நினைத்துக் கும்பிட இருப்பது அவர்கள் கட்டிய அந்தக் கோயில் ஒன்றுதான். சித்தி அங்கே விளக்கேற்றிவிட்டு, செத்தவர்கள் எந்தெந்த ஊர்க்காரர்களோ என்று அர்ச்சகரிடம் கேட்டுப் பார்த்தார்.

இரவு ஈப்போவில் தங்கல். ரயில் நிலையமும் ஹப்பாக் வரைந்ததுதான். விளக்கு போட்டபின் ஒரு சுற்று பார்த்துவிட்டுத் தூங்கப் போனோம்.

மூன்றாம் நாள்: பினாங்கு

சித்தப்பாவுக்குப் பாலத்தில் போக இஷ்டமில்லை. தாத்தா கடல் வழியாகத்தானே வந்தார் என்றார். காரை பட்டர்வொர்த்தில் விட்டுவிட்டு ஃபெரி ஏறினோம். கார்களைச் சுமந்த பழைய பெரிய ஃபெரிகள் இப்போது இல்லை. புதிய ஃபெரிகளில் ஆளும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். ஜார்ஜ்டவுன் கரை நெருங்கும்போது பழைய நகரத்தின் ஓட்டுக்கூரைகளும், அவற்றுக்குப் பின்னால் மலையும் ஒன்றாகத் தெரியும். அதற்காகவே ஃபெரியில் வரலாம்.

முதலில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் இறங்கிய பிரான்சிஸ் லைட், நிபோங் பனை மரத்தால் வேலி போட்டு இதைத் தொடங்கினார். பிறகு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல் மதில் எழுந்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கைதிகள். இந்தக் கோட்டை ஒரு போரையும் பார்த்ததில்லை. உள்ளே லைட்டின் வெண்கலச் சிலை நிற்கிறது. அவருடைய படம் ஒன்றும் கிடைக்காததால், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை அமைத்த மகன் வில்லியமின் முகத்தைப் பார்த்துச் செய்தார்கள். மதில்மேல் இருக்கும் ஸ்ரீ ரம்பை பீரங்கியைத் தேடிப் பாருங்கள். 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூருக்குப் பரிசாக வந்து, ஆச்சேக்காரர்கள் கைக்குப் போய், சிலாங்கூர் சென்று, கடைசியில் ஆங்கிலேயர்கள் இங்கே கொண்டுவந்தது. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் இதன் வாயில் பூ வைக்கும் வழக்கம் இருந்ததாம்.

அடுத்தது புனித ஜார்ஜ் தேவாலயம், 1818. தென்கிழக்காசியாவிலேயே பழமையான ஆங்கிலிகன் தேவாலயம். இதுவும் கைதிகள் உழைப்பு. சென்னையில் கதீட்ரல் சாலையில் இருக்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வெள்ளைத் தூண்களும் கூர்முனைக் கோபுரமும் தெரிந்த முகமாக இருக்கும். அதைப் பார்த்து எழுந்ததுதான் இதன் வடிவம். சித்தப்பா தூணைத் தொட்டுக்கொண்டு, "குற்றவாளின்னு சங்கிலி போட்டுக் கொண்டாந்து, கோயில் கட்டச் சொல்லியிருக்கான்" என்றார். அவர் குரலில் இருந்தது கோபம். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. சாலை, சதுப்பு நிலம் தூர்ப்பது, பாலம், அரசாங்கக் கட்டடம் என்று ஆரம்பகாலப் பினாங்கில் அவர்கள் கை படாத வேலை குறைவு. ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7இல் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுப் பட்டியலில் ஏறியபோது இதையும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அதே சாலையில் தெற்கே நடந்தால் குவான் யின் கோயில், ஊதுபத்திப் புகை கண்ணை எரிக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801இல் இதைத் தொடங்கியவர் காதர் முகைதீன், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த மரைக்காயர், கப்பல் வணிகர். கம்பெனி அவரை இங்குள்ள தென்னிந்தியர்களுக்குத் தலைவராக்கியது. இப்போதைய குவிமாடங்கள் பிற்காலத்தவை. 1916 அளவில் கட்டடக் கலைஞர் நியூப்ரோனர் பெரிதாக்கிக் கட்டினார். தொழுகை நேரம் தவிர்த்துப் போனால் உள்ளே விடுவார்கள், அங்கி கொடுப்பார்கள்.

பிறகு சூலியா தெரு. கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையான அஞ்சடியில் நிழலோடு நடந்து, கிங் தெரு முனைக்கு வந்தோம். அங்கே ஒரு சின்னப் பச்சைக் கட்டடத்தைப் பார்த்ததும் சித்தி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நாகூர் தர்கா! 19ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், நாகூர் ஆண்டவரின் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. சித்தப்பா வீட்டிலிருந்து நாகூர் மினாராக்களுக்குப் பஸ்ஸில் பத்து இருபது நிமிஷம்தான். கந்தூரிக்கு வருஷம் தவறாமல் போகிறவர்கள் இவர்கள். கடல் கடந்து போகிறவர்கள் கப்பலேறுமுன் நாகூரில் நேர்ந்துகொள்வார்கள். கரை சேர்ந்ததும் நன்றி சொல்ல இங்கே ஒரு வாசல் வேண்டியிருந்தது. தாத்தாவும் பினாங்கில் இறங்கிய அன்று இங்கே பாத்தியா ஓதிச் சர்க்கரை கொடுத்தார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. தாத்தாவைப் பற்றி வேறென்ன சொன்னார் அப்பா, கப்பலில் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை நாள் ஆனது என்று அஞ்சடியில் நின்றபடியே கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்ததெல்லாம் சொன்னேன். தர்கா வாசலில் பூ விற்ற அம்மா எங்களுக்காக இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

மத்தியானம் நாசி கண்டார் என்கிற சோறும் கறியும், மீன்முட்டைக் குழம்போடு. அப்புறம் குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில், 1833, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். கூ கோங்சி குலமண்டபத்தைக் கடைசியாகப் பார்த்தோம். 1906இல் முடிந்த அந்தச் சீன மரவேலைக்கு ஒரு முழுநாள் கொடுக்க வேண்டும். எங்களுக்குக் கால் ஓய்ந்துவிட்டது.

நான்காம் நாள்: தண்ணீர்மலை, பூஜாங் பள்ளத்தாக்கு

விடியற்காலையில் தண்ணீர்மலை. கீழே நகரத்தார் கோயில், 19ஆம் நூற்றாண்டு. தைப்பூசத்தில் அவர்களுடைய வெள்ளி ரதம் 1894 முதல் ஓடுகிறது. மேலே பாலதண்டாயுதபாணி, 2012இல் கும்பாபிஷேகம் கண்ட புதுக்கோயில், 500க்கு மேல் படி. சித்தி கீழேயே இருந்துகொண்டார்.

பிறகு சித்தப்பா ஊரிலிருந்து கிளம்பும்போதே கேட்டிருந்த இடம். பினாங்கிலிருந்து வடக்கே கெடா மாநிலத்தில், ஜெராய் மலை அடிவாரத்தில், மெர்போக் பக்கம் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு. கெடாதான் நம் கடாரம். கெடாவுக்குப் படைக்கப்பல் விட்டவன் ராஜேந்திர சோழன், 1025இல். அதற்கு முன்பே நட்பாகவும் போக்குவரத்து இருந்தது. கடாரத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பன் பெயரில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டினான். அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தை விட்டுக்கொடுத்தான். ஆனைமங்கலச் செப்பேடு என்கிறோமே, நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லைடன் செப்பேடு என்றும் பெயர் பெற்றதே, அது இந்தத் தானத்தைச் சொல்வதுதான்.

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் சரிவில் ஏறினால் புக்கிட் பத்து பகாட் சண்டி. சண்டி என்றால் இங்கே பழங்காலக் கோயில். 1960 அளவில் அகழ்ந்து திருத்தி நிறுத்தியது. கருங்கல் அடித்தளம், கருவறைக்கு ஒரு மேடை, முன்னால் மண்டபத்துக்கு ஒரு மேடை. மண்டபத்தில் வரிசையாக வட்டக் குழியுள்ள கற்கள். மரத்தூண் நட்ட இடங்கள். கூரை மரமும் ஓலையுமாக இருந்திருக்க வேண்டும், எல்லாம் போய்விட்டது. பக்கத்தில் ஓடையின் சத்தம். சித்தப்பா கருவறையையும் மண்டபத்தையும் காலடியால் அளந்து நோட்டில் வரைந்தார்.

இந்தப் பள்ளத்தாக்கில் இருந்த வேறொரு சண்டியை 2013இல் வீடமைப்புக்காக இடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது எனக்கு மனசு ஆறவேயில்லை. சித்தப்பாவிடம் சொன்னேன். "சூடாமணி விகாரத்துல மிச்சமிருந்த கோபுரத்தையும் 1867ல இடிச்சாங்க. நாகப்பட்டினத்துல இப்ப அதோட அடையாளம் ஒண்ணும் கிடையாது" என்றார். அங்கே கடாரத்தார் கட்டியதும் இல்லை, இங்கே இருந்ததும் குறைந்துகொண்டு வருகிறது. மிஞ்சியவற்றையாவது பிள்ளைகளுக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து இவ்வளவு தூரம் வருகிற தமிழ்க் குடும்பங்கள் பினாங்கு கடற்கரையோடு திரும்பிவிடுகின்றன. இன்னும் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் கடாரம்.

வருகிறவர்களுக்கு: சுங்கை பட்டாணியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மெர்போக் வழி பிடியுங்கள். தண்ணீர் கையோடு கொண்டுவாருங்கள். படி வழுக்கும், செருப்பைவிடக் காலணி நல்லது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் அகழ்ந்துவரும் சுங்கை பத்து தளமும் பக்கத்தில்தான். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் அங்கே இருக்கின்றன. இன்று நேரம் ஆகிவிட்டது. இரவு சுங்கை பட்டாணியில் தங்குகிறோம். காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் தெற்கே திரும்புவது என்று சித்தப்பா முடிவே செய்துவிட்டார்.